ஒரு வசந்தத்துக்கு எத்தனை வான்கோழி?

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒரு வான்கோழிச் சேவல் என் வழியை மறித்தது. மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட உள்ள பிளாசாவில், நகைக்கடைக்கும் பல் வைத்தியர் வாசலுக்கும் நடுவே, கார்கள் நிறுத்தும் இடத்தில் அது நின்றது. நெஞ்சிலிருந்து ஒரு மயிர்க்கற்றை தாடி போலக் கறுப்பாகத் தொங்கியது. வாலை விரித்துக்கொண்டு, ஒரு கறுப்பு வான் வண்டியின் கதவில் தெரிந்த தன் உருவத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. மரக்கறிப் பைகளோடு வந்த ஒரு பெண், "அங்கிள், தள்ளி நில்லுங்கோ, கொத்திப்போடும்" என்றாள். நான் தள்ளவில்லை. மனதுக்குள் திகதி பார்த்துக்கொண்டு நின்றேன். வருடப்பிறப்பு முடிந்துவிட்டது. வேட்டைப் பருவம் திறந்துவிட்டதா, இன்னும் சில நாள் கிடக்கிறதா? பிளாசாவில் யாரும் எதையும் சுட முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் வான்கோழியைக் கண்டால் எனக்குத் திகதிதான் முதலில் வரும். அடுத்ததாக நீர் வருவீர்.

உமக்கு எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். பதில் சொல்ல முடியாத ஆளிடம் கேள்வி கேட்பது நியாயமில்லை. ஆனால் அந்தச் சேவல் என்னைக் குழப்பிவிட்டது. நாங்கள் வாய்ச்சண்டை பிடித்த காலத்தில் வான்கோழியைப் பார்க்க அஜக்ஸ் நகரத்தையும் தாண்டி, தோட்டங்களையும் தாண்டிப் போகவேண்டும். இப்போது அது பல் வைத்தியர் வாசலுக்கே வந்து நிற்கிறது. இவ்வளவு பெருகிவிட்டதே, அப்படியென்றால் ஆளுக்கு இரண்டு சுடலாம் என்று கை தூக்கிய நீர் சரியா? அல்லது ஆரம்பத்தில் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்தி வைத்ததால்தான் இவ்வளவு பெருகியது என்று சொல்லும் நான் சரியா? வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, கோப்பை கழுவி வைக்கும்வரை யோசித்தேன். இரண்டு பக்கமும் அதே சேவலைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீரும் நானும் ஸ்காபரோவில், வாளிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் ஒரே மெஷினுக்கு முன்னால் நின்றோம். வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்ததும் ஒரே கட்டடம், நீர் மேலே, நான் கீழே. என்னைவிட ஆறேழு வயது இளையவர் நீர். அதனால் நான் அண்ணை, நீர் நீர்தான். மெஷின் திருத்த வரும் டக் என்ற வெள்ளைக்காரர் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போவார். வேட்டை விதிகள் அடங்கிய, அரசாங்கம் சும்மா கொடுக்கும் புத்தகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அதுதான். எந்த மிருகத்துக்கு எந்த நாளில் பருவம் திறக்கும், எந்த நாளில் மூடும், ஓர் ஆளுக்கு எத்தனை, ஆணா பெண்ணா, எத்தனை மணிவரை. இப்படிச் சண்டையில்லாமல் எழுதி வைத்த ஒழுங்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் சில இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. டக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எங்கள் வேட்டைக் கிளப்புக்கு வந்து சொல்லும், அங்கே யாரும் கதைக்கலாம் என்றார்.

யாரும் கதைக்கலாம் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் போனேன். உமக்குத் தெரியும், எங்கள் ஆட்களின் சங்கக் கூட்டங்களில் எனக்கு நடந்தது. டொக்டரும் எஞ்சினியரும் கதைத்து முடிய, "அண்ணை, நேரம் போட்டுது, அடுத்தமுறை பாப்பம்" என்று மைக்கைச் சுருட்டுவார்கள். அடுத்தமுறையும் டொக்டர்தான். எனக்குப் படிப்பில்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்த அளவுக்கு எனக்கே இருந்ததில்லை.

கிளப் என்பது ஒரு மர மண்டபம். மடக்குக் கதிரைகள், கோப்பிப் பாத்திரம், சுவரில் ஒரு மான் தலை. தலைவி மார்கரெட், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முட்டை அவிக்கும்போது திருப்பி வைக்கிற சின்ன மணி ஒன்றை முன்னால் வைத்திருப்பார். எழும்புகிற எவருக்கும் மூன்று நிமிடம். டொக்டர் வந்தாலும் மூன்று நிமிடம்தான்.

முதல்நாள் உம்முடைய காரில் 401 நெடுஞ்சாலையில் போகும்போது நீர் கேட்டீர்.

"அண்ணை, நீங்கள் துவக்கைத் தொடமாட்டியள். பேந்து என்னத்துக்கு வாறியள்?"

"கதைக்க."

"ஆரோடை?"

"உந்தப் புத்தகம் எழுதினவனோடை."

"அவன் அங்கை வரமாட்டான் அண்ணை. கோப்பியும் டோனட்டும்தான் வரும்."

நான் துவக்கைத் தொடாததற்குக் காரணம் கேட்காத ஆள் நீர் ஒருவர்தான். என் வீட்டு முற்றத்துக்குள் துவக்கோடு வந்தவர்களை நான் கண்டவன். எந்தப் பக்கத்தவர்கள் என்பது இங்கே தேவையில்லை. நீரும் கண்டவர்தான். ஆனால் நீர் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, மரத்துக்குக் கீழே பச்சை உடுப்போடு அசையாமல் இருக்கப் பழகினீர். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "அங்கை எல்லாரும் என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுறாங்கள் அண்ணை. வேறை ஒண்டும் கேக்கிறாங்கள் இல்லை" என்றீர். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

முதல் வசந்தத்தில் உமக்கு ஒரு சேவல் விழுந்தது. வசந்தத்தில் தாடி உள்ள சேவல் மட்டும்தான், ஆளுக்கு ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து மில்லிக்கனில் உம்முடைய தங்கச்சி வீட்டுக் கராஜில் பங்கு போட்டீர். தீபாவளிக்கு ஆடு அடித்தால் எங்கள் ஆட்கள் எப்படிப் பங்கு போடுவார்களோ, அப்படியே. நிலத்தில் தமிழ்ப் பேப்பரை விரித்து எட்டு வீட்டுக்கு எட்டுக் குவியல். நெஞ்சில் ஒரு துண்டு, காலில் ஒரு துண்டு, எலும்பு, ஈரலில் ஒரு சொட்டு, எல்லாம் எல்லாக் குவியலிலும் இருக்கவேண்டும். மூத்தவன் என்பதால் நான் கராஜ் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நீர் ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பீர். நான் பாராமல் ஒரு வீட்டின் பேரைச் சொல்வேன். பாராமல் சொன்ன பேருக்கு எதிராக எவரும் முறைப்பாடு செய்ய முடியாது. அன்றைக்கு ஈரல் பாக்கு அளவுக்கு வந்தது. உமது முகம் கறுத்துவிட்டது. "ஒரு கோழியைப் பங்கு போடுறதே வெக்கக்கேடு அண்ணை. பங்கு எண்டா ஆடு" என்றீர். நான் சொன்னேன், வெள்ளைக்காரன் சட்டத்தில் ஆட்டுக்கு இடமில்லை என்று. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு மூன்று வருடங்கள் அப்படிப் போயின. பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. அரசாங்கம் கிளப்புகளிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தது. இரண்டு கேள்விகள். வசந்தப் பருவத்தை ஒரு வாரம் முந்தித் திறக்கலாமா? ஆளுக்கு ஒன்று என்ற அளவை இரண்டாக்கலாமா? அந்த மாரி முழுவதும், பனி கரையும்வரை, நான் அந்த இரண்டு கேள்விகளோடுதான் இருந்தேன். நூலகத்தில் வான்கோழிப் புத்தகம் எடுத்தேன். மெஷினுக்கு முன்னால் நின்றபடி உமக்குப் பேசிக் காட்டினேன். ஒரு முறையாவது, இந்த நாட்டில் ஒரு சபை என் சொல்லைக் கேட்டு ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று இருந்தது எனக்கு. அதை ஒருநாள் காரில் உமக்கு வாய்விட்டும் சொன்னேன். நீர் சொன்னது இதுதான்: "நீங்கள் கதையுங்கோ அண்ணை. நான் கையைத் தூக்கிறன்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். முதலில் திகதி. டக் எழும்பி முந்தித் திறக்கவேண்டும் என்றார். இலை வந்துவிட்டால் பறவை கண்ணுக்குத் தெரியாது, ஈக்கள் பிடுங்கும், மற்ற இடங்களில் எல்லாம் முந்தித்தான் திறக்கிறார்கள். அவர் கதிரையில் இருக்க முன்னமே நாலு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் விதைப்பு என்றார், ஒருவர் சேறு என்றார், ஒருவர் டக்கின் குறி பார்க்கும் கண்ணைப் பற்றி ஏதோ சொல்ல மண்டபமே சிரித்தது. நான் எழும்பினேன். பேடுகள் அடைக்குப் போகுமுன் சேவல்களைச் சுட்டுத் தள்ளினால் முட்டைகள் எல்லாம் கூழ்முட்டையாகும் என்றேன். கூழ்முட்டைக்கு ஆங்கிலம் தெரியாமல், குஞ்சு இல்லாத முட்டை என்று விளக்கினேன். ஒரு வாரம் முந்தினால் பருவம் எங்கள் வருடப்பிறப்பில் வந்து முட்டும் என்பதைச் சொல்லவில்லை. அது என் வீட்டுக் காரணம். மணி அடித்தது. மார்கரெட் "மிகவும் சுவாரசியம், நன்றி" என்றார். கை தட்டினார்கள். வாக்கெடுப்பில் திகதி பழையபடியே இருக்கவேண்டும் என்று முடிவானது. நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் சிரிக்கவில்லை.

அடுத்தது அளவு. நான் திரும்பவும் எழும்பினேன். இந்த மாகாணத்தில் ஒரு காலத்தில் அழிந்தே போன பறவை இது, வேறு இடத்திலிருந்து பெட்டிகளில் கொண்டுவந்து விட்டவை, இன்னும் வேர் பிடிக்கவில்லை என்றேன். ஒருவனுக்கு ஒன்று கிடைத்தால் அவன் வேட்டைக்காரன், இரண்டு வேண்டும் என்றால் அவன் கடைக்காரன் என்றேன். நானும் ஊரில் கடை வைத்திருந்தவன்தான், அதனால் எனக்குத் தெரியும் என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய நல்ல பேச்சு அது. மணி அடித்தது. மார்கரெட் தலையைச் சரித்து, "அழகாக இருந்தது, நன்றி" என்றார். கை தட்டினார்கள். யாரோ கோப்பிக்கு எழும்பினார்கள். மார்கரெட் வாக்கெடுப்புக்குப் பேனையை எடுத்தார்.

அப்போதுதான் நீர் எழும்பினீர். அந்த மண்டபத்தில் அதுவரை வாய் திறக்காத நீர்.

"என்னுடைய அண்ணன் சொல்வது பிழை" என்றீர், ஆங்கிலத்தில். "ஒரு பறவை. எட்டு வீடு. காணாது. இரண்டு வேண்டும்."

கோப்பிக்குப் போனவர்கள் நின்றார்கள். மார்கரெட்டின் முகம் மாறியது. ஒரு ஆளுடைய அனுமதியில் எட்டுப் பேர் சுடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை, சுடுவது நான் ஒருவன், எட்டு வீட்டுக்குப் பிரிக்கிறது என்றீர். எட்டு வீட்டுக்கும் அது எப்படிக் காணும் என்று கேட்டார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றீர். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

நான் உம் பக்கம் திரும்பினேன். தமிழில் கத்தினேன். "என்ன கதைக்கிறீர்? விசரே உமக்கு?"

"இருங்கோ அண்ணை. உங்கடை மூண்டு நிமிசம் முடிஞ்சுது. இது என்ரை."

"காரிலை என்ன சொன்னனீர்?"

"கார் வேறை, இது வேறை."

அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. நான் உமக்குப் பதில் சொன்னேன், நீர் எனக்குச் சொன்னீர், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். பிரித்துத் தின்பது உமது பழக்கம், அதற்குக் காடு பொறுப்பல்ல என்று நான் சொன்னேன். பிரித்துத் தின்கிறவனுக்கும் தனியாகத் தின்கிறவனுக்கும் ஒரே அளவு வைப்பது என்ன நியாயம் என்று கேட்டீர். ஒரு ஆப்பிள் தோட்டக்காரர் எழும்பி, முட்டைக் கதையில் இவர் சரி, அளவில் பிழை என்று என்னைக் கையால் காட்டிச் சொன்னார். இன்னொருவர், துவக்கே பிடிக்காத ஆளுக்கு இதில் என்ன கதை என்றார். சுடாதவனுக்கும் காட்டில் பங்கு உண்டு என்று நான் மேசையில் அடித்தேன். இவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் எனக்காகக் கத்தினார். டக் எழும்பி, "பெட்டியில் வந்ததென்றால் என்ன, அவை உங்களுக்கு முந்தியே இங்கே வந்தவை. நீங்கள் வேர் பிடித்துவிட்டீர்கள்தானே" என்றார். அது நக்கலா, மரியாதையா என்று நான் யோசித்து முடிக்குமுன் நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். மார்கரெட் மணியைத் திருப்பி வைப்பதையே விட்டுவிட்டார்.

பிறகு கைகளை எண்ணினார்கள். ஒன்றுக்கு இத்தனை, இரண்டுக்கு இத்தனை. ஒரு கையால் நான் தோற்றேன். அது உம்முடைய கை. முழங்கை மடியாமல், பிள்ளைகள் வகுப்பில் தூக்குவது போல நேராகத் தூக்கியிருந்தீர்.

திரும்பி வரும்போது ஒரு டோனட் கடையில் காரை நிறுத்தினீர். நான் இறங்கவில்லை. தேத்தண்ணீர் வாங்கி வந்து நீட்டினீர். குடித்தேன். தேத்தண்ணீரில் கோபம் காட்டும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த வசந்தம் முழுவதும் வேலைக்கு பஸ்ஸில் போனேன். மெஷினுக்கு முன்னால் நீர் "பெட்டி முடிஞ்சுது அண்ணை" என்றால் பெட்டி எடுத்துக் கொடுப்பேன். நான் செய்தது சரிதான். சொன்ன சொல்லை மாற்றிய ஆளோடு ஒன்றும் நடக்காதது போல் காரில் ஏறுவது என்னால் முடியாது. இன்றைக்கும் முடியாது.

பிறகு ஆளுக்கு இரண்டு என்று விதி வந்தது. எங்கள் ஒரு கிளப் சொன்னதால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த பருவம் திறந்து சில நாளில் உம்முடைய தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணை, பங்கு போடுறம். பேர் சொல்ல ஆளில்லை. வாறியளே?" எட்டு வீட்டுச் சனத்தோடு எனக்குக் கோபமில்லை, கோபம் உம்மோடுதான் என்பதால் போனேன். கதவைப் பார்த்து நின்று பேர் சொன்னேன். கடைசிக் குவியல் போனதும் திரும்பினேன்.

"ரெண்டாவது எப்ப சுடப்போறீர்?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர், "ஒண்டு காணும்."

சனம் நின்றதால் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் ஒன்று. அதற்கு அடுத்ததும் ஒன்று. இரண்டு வேண்டும் என்று என்னைச் சபையில் தோற்கடித்த ஆள், இரண்டாவதைச் சுடவேயில்லை. காரில் திரும்பவும் ஏறத் தொடங்கியிருந்தேன், ஏனென்றால் இதைக் கண்காணிக்க வேறு வழியில்லை. வழியில் கேட்கலாம் என்று வாய் எடுப்பேன், நீர் ரேடியோவைக் கூட்டுவீர். டக்கிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நீங்கள் இருவரும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம் என்றார். அந்தக் கிளப்பில் அதைவிட நல்ல கூட்டம் நடந்ததில்லை என்றார். திகதி வாக்கெடுப்பில் என் பேச்சு வென்றதே என்றேன். அது விதைப்புக்காக, தோட்டக்காரர்கள் ஒருவரும் முந்தித் திறக்க விடமாட்டார்கள், எப்போதும் அப்படித்தான் என்றார். வென்றேன் என்று நினைத்த இடத்தில் நான் வெல்லவில்லை. தோற்ற இடத்தில் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

தொண்ணூறுகள் முடியும் காலத்தில் உமது இதயம் பழுதாகி, ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தீர். மத்தியானம் போல் வந்தேன். உமது மனைவி சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். உமக்கு மூச்சு வாங்கியது. இரக்கம் பார்த்தால் பிறகு கேட்க முடியாமல் போகும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டேன்.

"ஏன் அண்டைக்குக் கை தூக்கினீர்?"

"ஐயோ அண்ணை, இன்னும் உதிலையே நிக்கிறியள்?"

"நிக்கிறன்."

தலையணையை உயர்த்தச் சொன்னீர். உயர்த்தினேன்.

"நீங்கள் கதைச்சு முடிய மார்கரெட் என்ன சொன்னவ?"

"அழகா இருந்தது எண்டவ. நல்லாக் கதைச்சன், அதாலை சொன்னவ."

"டக் கதைக்கேக்கை?"

"எல்லாரும் அவரைப் பிடிச்சுத் திண்டவை."

"அதுதான். அவரோடை எல்லாரும் கொழுவினவை, சண்டை பிடிச்சவை. உங்களுக்குக் கை தட்டினவை. நேசரிப் பிள்ளை பாட்டுப் படிச்சா மாதிரி. ரெண்டு தரம். நீங்கள் மாரி முழுக்கப் படிச்சுக்கொண்டு போய் நிண்டு கதைக்கிறியள், ஒருத்தனும் பிழை எண்டு சொல்ல எழும்புறான் இல்லை. எனக்குப் பத்தி எரிஞ்சுது அண்ணை. ஆராவது உங்களோடை கொழுவத்தானே வேணும்?"

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை தட்டலை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், சந்தோஷமாக. அதை நீர் அப்படிக் கேட்டிருந்தீர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னை உமக்குத் தெரியும். விட்டேனா?

"சரி. கொழுவினது சரி. கொழுவிப்போட்டு எனக்குக் கை தூக்கியிருக்கலாமே? கை ஏன் அங்காலை போனது?"

நீர் சிரித்தீர். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. தண்ணீர் பருக்கினேன். "கதைக்கக் கதைக்க நான் சொல்லுறதுதான் சரி எண்டு எனக்கே பட்டிட்டுது" என்றீர்.

"பேந்து ஏன் ஒண்டோடை நிப்பாட்டினீர்?"

"காட்டிலை போய் இருந்து யோசிச்சா, நீங்கள் சொன்னதும் சரி மாதிரித்தான் கிடந்தது."

சிரித்துக்கொண்டு சொன்னீர். நீர் சிரித்துக்கொண்டு சொன்னது எதையும் நம்புவதா விடுவதா என்று எனக்குத் தெரிந்ததில்லை. பிறகு நீர் என்னைக் கேட்டீர், "இப்ப சொல்லுங்கோ, அண்டைக்கு நான் கதைச்சது சரியே, பிழையே?"

"பிழை" என்றேன்.

"அதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டீர். ஏதோ வென்றவர் போல. நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

செத்த வீட்டுக்கு டக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். மார்கரெட் ஒரு கேக் கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், உங்கள் தம்பி போய்விட்டாரே என்று அழுதார். தம்பியில்லை என்று திருத்த வாய் எடுத்து, எப்படி விளக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு வயது போய்விட்டது. நான் என்ன சொன்னாலும் வீட்டில் "ஓம் அப்பா" என்கிறார்கள். மருமகள் "ஓம் மாமா" என்கிறாள். வைத்தியர் தலையாட்டுகிறார். போன மாதம் எங்கள் முதியோர் சங்கக் கூட்டத்தில் எனக்கு மைக் தந்தார்கள், முதல் ஆளாக. பஸ் நிறுத்தத்தை எங்கே மாற்றவேண்டும் என்று கதைத்தேன். முடித்ததும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரியில் நீர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. மைக்கைக் கொடுக்காமல் நின்று கேட்டேன், "ஒருத்தருக்கும் இதிலை பிழை தெரியேல்லையே?" அவர்கள் சிரித்தார்கள். "ஐயா பகிடி விடுறார்" என்றார் தலைவர். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

இதை எனக்கு வைத்துவிட்டுப் போனது நீர். முன்பு கை தட்டினால் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்போது யார் எனக்கு ஓம் என்றாலும், அவர் என்னைக் கேட்டாரா, அல்லது சும்மா விட்டாரா என்று பார்க்கிறேன். அநேகமாகச் சும்மாதான் விடுகிறார்கள். நீர் செய்தது எனக்கு நன்மையா தீமையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

வேறு வழியில்லாமல் உமது பக்கத்தையும் நானே கதைத்துப் பார்க்கிறேன். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. நீர் நன்றாகத்தான் கதைக்கிறீர். எட்டு வீடு இப்ப அஜக்ஸ் வரைக்கும் இருவது வீடாப் போச்சு அண்ணை, பேரப்பிள்ளையளையும் எண்ணுங்கோ என்கிறீர். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கிறது. சில நாள் நீர் வெல்லப் பார்க்கிறீர். அப்போதும் உமக்கு நான் கை தூக்குவதில்லை. நீர் இல்லாத நேரத்தில் சமாதானமாகப் போவது எனக்கு ஒத்துவராது.

ஆளுக்கு ஒன்றுதான். அதில் மாற்றமில்லை. என்னுடைய மூன்று நிமிடம் முடிந்தது. இனி நீர் கதையும்.